குறைவிடையும் நீதிமன்றமும்



வழக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது சாட்சிக் கூண்டும், அதில் நிற்பவரைக் குறுக்குக் கேள்விகளால் மடக்கும் நியாயவாதியுமே. எனினும், பெரிய குடியியல் வழக்குகள் பலவற்றின் வெற்றியும் தோல்வியும் அக்கூண்டிலே நிருணயம் பெறுவதில்லை. விசாரணை தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, ஒரு தரப்பார் மறு தரப்பாரை நோக்கி, "உம்மிடம் உள்ள பத்திரங்கள் யாவை? இன்ன செய்தி உமக்கு எப்பொழுது தெரியவந்தது?" என்று எழுத்தில் வினவுவதும், அவர் எழுத்தில் விடை தருவதுமாகிய ஒரு கட்டம் உண்டு. ஆங்கில நாட்டுச் சட்டம் அதனை வெளிப்படுத்துகை என்னும் பொருள்படும் பெயரால் வழங்கிற்று. அந்த விடை நேர்மையானதா, மழுப்பலானதா என்பதைப் பொறுத்தே பல வழக்குகளில் நீதியின் போக்கு அமைகின்றது. குறைவிடை தந்து உண்மையை மறைப்போரை நீதிமன்றங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்னும் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

இத்தகைய ஏற்பாடு ஏன் வேண்டும்? ஆலையின் இயந்திரத்தில் அகப்பட்டுக் கையிழந்த தொழிலாளி வழக்குத் தொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவ்வியந்திரம் பழுதடைந்திருந்தது என்பதைக் காட்டும் குறிப்பேடு அவனிடம் இல்லை. ஆலைக்காரரின் அலுமாரியில் இருக்கின்றது. பங்காளி தன்னை ஏமாற்றினான் என்று முறையிடும் வணிகனுக்குக் கணக்கேடு எட்டாது. அது பங்காளியின் பெட்டகத்தில் இருக்கின்றது. பாண்டியன் அவையிலே கண்ணகி நீதி கேட்டு நின்றபோது, அவள் கையிற் சான்றாக இருந்தது ஒற்றைச் சிலம்பே. வழக்கை முடிக்கவல்ல மற்றச் சிலம்பு அரசன் வசம் இருந்தது. தன் தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து என்று மன்னன் ஒளியாமற் கூறியதும், கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொணர்ந்து முன்வைக்கச் செய்ததுமே உண்மையை வெளிப்படுத்தின. அவ்விடை தன் உயிருக்கே உலையாயிற்று என்றபோதிலும் மன்னன் அதனைத் திரித்துக் கூறவில்லை. ஆனால் வழக்குமன்றம் ஏறுவோர் எல்லாரும் பாண்டியன் நெடுஞ்செழியன் ஆகிவிடுவதில்லை. ஆகவே சட்டம் ஒரு வழி வகுக்கவேண்டியதாயிற்று.

இங்கிலாந்தின் பழைய பொதுவழக்குச் சட்ட நீதிமன்றங்களில் இதற்கு வழியே இருக்கவில்லை. வழக்கின் பயனில் உரிமையுடையவன் பொய் சொல்லுவான் என்னும் அச்சத்தினால், வழக்காளியும் எதிராளியும் தம் வழக்கிலே தாமே சாட்சி சொல்ல அந்நீதிமன்றங்கள் அநுமதிக்கவில்லை. இந்தத் தடை 1851 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தாலேயே பெரும்பாலும் நீங்கிற்று. அதற்கு முன்னர், எதிராளியின் நெஞ்சில் உள்ளதையோ அவன் பெட்டியில் உள்ளதையோ அறிய விரும்பியவன் சான்சரி என்னும் வேறொரு நீதிமன்றத்தை நாடவேண்டியிருந்தது. அது மனச்சாட்சியின் நீதிமன்றம் எனப் பெயர் பெற்றது. அங்கே எதிராளி, தன்மீது சாட்டப்பட்ட ஒவ்வொரு செய்திக்கும் சத்தியஞ் செய்து எழுத்தில் விடை கொடுத்தல் வேண்டும்.

விடை கொடுக்கச் சொன்னவுடன், விடை கொடாமல் விடை கொடுக்கும் கலையும் பிறந்துவிட்டது. "நீ இன்ன நாளில் என்னிடமிருந்து நூறு பவுண் பெற்றாய்" என்று சாட்டினால், "நான் அந்நாளில் நூறு பவுண் பெறவில்லை" என்று எதிராளி விடை எழுதுவான். தொண்ணூற்றொன்பது பவுண் பெற்றிருந்தாலும் அவ்விடை பொய்யாகாது. மறுநாட் பெற்றிருந்தாலும் பொய்யாகாது. சான்சரி நீதிமன்றம் இத்தந்திரத்தை விரைவில் அறிந்துகொண்டது. சொல்லை மட்டும் மறுத்தல் போதாது, பொருளை மறுத்தல் வேண்டும். அத்தொகையையோ அதில் எந்தப் பகுதியையோ பெறவில்லை என்று கூறுக, அன்றேல் எவ்வளவு பெற்றாய் என்று கூறுக என விதித்தது. இவ்விதியின் சாரத்தை 1908 ஆம் ஆண்டு இந்தியக் குடியியல் நடவடிக்கைக் கோவையிலும் காணலாம்.

விடை குறைவானது என வழக்காளி கருதினால், எவ்வெவ் வினாவுக்கு எவ்விடத்தில் விடை குறைந்துள்ளது என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி ஆட்சேபம் எழுதிக் கொடுக்கவேண்டும். நீதிமன்றத்தைச் சார்ந்த மாஸ்டர் என்னும் உத்தியோகத்தர் வினாவையும் விடையையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கி அறிக்கை செய்வார். குறை உண்டென்று கண்டால் எதிராளி செலவு கொடுத்து, மீண்டும் விடை எழுதவேண்டும். அதுவுங் குறைவாயின் மீண்டும் செலவு, மீண்டும் விடை. பிடிவாதமாகக் குறைவிடையே கொடுத்துவந்தால், அவனைச் சிறையிலிட்டு நேரில் வினவவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. சான்சரியை அவமதித்தோருக்கு இலண்டனில் இருந்த பிளீற் சிறைச்சாலை நெடுங்காலம் உறைவிடமாயிற்று. விடையே தராது ஒளித்துத் திரிபவனுக்கு வேறொரு தண்டனை உண்டு. அவனுக்கு எதிராகச் சாட்டப்பட்டவை யாவும் அவன் ஒப்புக்கொண்டனவாகவே கொள்ளப்படும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் இக்கொள்கை பிற்காலச் சட்டங்கள் பலவற்றுக்கு மூலவித்தாயிற்று.

மறைத்தல் குறைத்துச் சொல்வதால் மட்டும் நிகழ்வதில்லை. மிகுத்துச் சொல்வதாலும் நிகழும். வேண்டிய ஒரு தாளை வேண்டாத நூறு தாள்களுக்கு நடுவிற் புதைத்துவிட்டால் தேடுவோன் களைத்துவிடுவான். நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தை வீணே பெருக்குவதை அக்காலத்தார் எவ்வளவு வெறுத்தனர் என்பதற்கு 1596 ஆம் ஆண்டு மில்வாட் வழக்கு சான்றாகும். பதினாறு தாளில் அடங்கவேண்டிய ஒரு மறுமொழிப் பத்திரத்தை வழக்காளியின் மகன் 120 தாளாகப் பெருக்கி எழுதிக் கொடுத்தான். சான்சரி நீதிமன்றம் அவனைப் பிடித்து, அத்தாட்கட்டின் நடுவே ஒரு துவாரம் வெட்டி, அதற்குள்ளே அவன் தலையை நுழைத்து, எழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி தோளில் தொங்கவிட்டு, வெறுந்தலையோடு வெஸ்ற்மின்ஸ்டர் மண்டபத்தைச் சுற்றி நடத்திக் காட்டும்படி கட்டளையிட்டது. பத்துப் பவுண் அபராதமும் விதித்தது. இன்று நாம் இத்தண்டனையைக் கேட்டு நகைக்கலாம். ஆயினும் மற்றவனுடைய காலத்தையும் பொருளையும் வீண்செய்யும் எழுத்து ஒரு குற்றம் என்ற கருத்து அன்றே வேரூன்றியிருந்தமையை இது காட்டுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் நீதி முறை பெருந்திருத்தம் பெற்றது. 1854 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவழக்கு நீதிமன்றங்களுக்கும் வினாக்கோவை வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. 1873, 1875 ஆம் ஆண்டுச் சட்டங்கள் இருவகை நீதிமன்றங்களையும் ஒன்றாக இணைத்தன. அதன்பின் ஒரே வழக்கில், ஒரே நீதிமன்றத்தில், எதிர்த்தரப்பாரை எழுத்தில் வினவவும், அவர் வசமுள்ள பத்திரங்களின் பட்டியலைச் சத்தியக்கடதாசி மூலம் பெறவும் முடிந்தது.

அப்பட்டியலில் எவை இடம்பெறவேண்டும் என்ற வினாவுக்கு 1882 ஆம் ஆண்டில் ஒரு புகழ்பெற்ற விடை கிடைத்தது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையோரத் தீவுகளிற் கடற்பறவைகளின் எச்சம் மலைபோற் குவிந்திருந்தது. குவானோ எனப்படும் அது பயிருக்குச் சிறந்த உரமாதலால் அக்காலத்திற் பொன் விளையும் வணிகமாயிற்று. அவ்வணிகத்தில் ஈடுபட்ட இரு கொம்பனிகளுக்கிடையே எழுந்த வழக்கில், ஒரு தரப்பார் தம் பத்திரங்களின் பட்டியலைக் கொடுத்தனர். மறு தரப்பார், கொடுத்த பத்திரங்களைப் படித்தாலே கொடாத பத்திரங்கள் வேறும் உள என்பது புலனாகின்றது என்று கூறி, மேலும் நிறைவான சத்தியக்கடதாசி வேண்டும் என்று விண்ணப்பித்தனர். மேன்முறையீட்டு நீதியரசர் பிரெற் அவர்கள் அதற்கு இணங்கிக் கூறிய விதி பரந்தது. தன் பக்கத்தை வலுப்படுத்தவோ எதிரியின் பக்கத்தை வலுவிழக்கச் செய்யவோ நேராகவேனும் சுற்றுவழியாகவேனும் உதவக்கூடிய பத்திரம் எதுவும் வெளிப்படுத்தற்குரியது; வேறோர் ஆராய்ச்சிக்கு வழிகாட்டக்கூடிய பத்திரமும் அவ்வாறே என்பது அவ்விதியின் கருத்து. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்விதி ஆங்கிலச் சட்டம் வழங்கிய நாடுகளில் நின்று நிலவிற்று.

அவ்வழக்கிலிருந்து நாம் அறியவேண்டிய இன்னொன்றும் உண்டு. குறைவிடையைக் குறைவிடை என்று நிறுவுவது எவ்வாறு? மறைத்து வைத்ததை நாம் கண்டதில்லை. கண்டிருந்தால் வினவவேண்டிய தேவையே இல்லை. ஆதலால் எதிர்த்தரப்பாரின் சொந்த எழுத்தையே சான்றாகக் காட்டவேண்டும். ஒரு கடிதம், "தங்கள் முந்திய கடிதம் கிடைத்தது" என்று தொடங்குமாயின் அந்த முந்திய கடிதம் எங்கே என்று கேட்கலாம். கூட்டக் குறிப்பேடு ஓர் உடன்படிக்கை வரைவைப் பற்றிப் பேசுமாயின் அவ்வரைவு எங்கே என்று கேட்கலாம். நல்ல நியாயவாதி பத்திரங்களைப் படிக்கும்போது அவற்றில் உள்ளவற்றை மட்டுமன்றி இல்லாதவற்றையும் குறித்துக்கொள்வான்.

நம் நாட்டுக்கும் இம்முறை அந்த நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தது. 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, இந்தியக் கோவையைப் பெரிதும் தழுவி இயற்றப்பட்டது. வினாக்கோவை, பத்திரங்களை வெளிப்படுத்துதல், அவற்றைப் பார்வையிடுதல் ஆகியவற்றுக்கு அதில் தனி அத்தியாயம் உண்டு. வினவப்பட்டவர் விடை தராவிட்டாலோ, குறைவான விடை தந்தாலோ, மேலும் விடை தரும்படி நீதிமன்றத்தின் கட்டளையை நாடலாம் என அது கூறுகின்றது. கட்டளையையும் மீறினால், வழக்காளியாயின் அவர் வழக்குத் தள்ளப்படலாம். எதிராளியாயின் அவர் எதிர்வாதம் நீக்கப்பட்டு, எதிர்வாதமே செய்யாதவர் நிலையில் வைக்கப்படலாம். பல திருத்தங்களோடு அக்கோவை இன்றும் வழங்குகின்றது.

இனி, இம்முறையை எல்லா நாட்டினும் விரிவாக வளர்த்த ஐக்கிய அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே 1938 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 16 ஆந் திகதி, கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கான புதிய குடியியல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. வெளிப்படுத்துகை பற்றிய பகுதியை வகுத்தவர் மிச்சிகன் சர்வகலாசாலைச் சட்டப் பேராசிரியர் எட்சன் சண்டர்லண்ட். விசாரணை நாளில் எதிரியைத் திடுக்கிடச் செய்து வெல்லும் பழைய முறை ஒழிந்து, இருதரப்பாரும் உண்மைகளை முன்னரே அறிந்து வழக்காடவேண்டும் என்பதே அவ்விதிகளின் நோக்கம்.

ஆயினும், கேட்டவை யாவற்றையும் கொடுத்தே ஆகவேண்டுமா? 1943 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆந் திகதி, பிலடெல்பியா நகருக்கு அண்மையில் டெலவெயர் ஆற்றிலே ஓர் இழுவைக் கப்பல் கவிழ்ந்து அதிலிருந்த ஒன்பதின்மரில் ஐவர் மாண்டனர். கப்பற்காரரின் சட்டத்தரணி, தப்பியவர்களைக் கண்டு அவர்களின் வாக்குமூலங்களை எழுதிக்கொண்டார். இறந்தவருள் ஒருவரின் சார்பில் வழக்குத் தொடுத்தோர் அவ்வாக்குமூலங்களின் பிரதிகளைக் கேட்டனர். சட்டத்தரணியோ, வாக்குமூலங்கள் உண்டு என்பதை ஒளியாது ஒப்புக்கொண்டு, அவை வழக்குக்கு ஆயத்தஞ் செய்யும்பொழுது தாம் தேடியவை ஆதலாற் கொடுக்கமாட்டேன் என்று வெளிப்படையாக மறுத்தார். கீழ் நீதிமன்றம் அவரை அவமதிப்புக் குற்றவாளி என்றது. 1947 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. உண்மைச் செய்திகளை மறைத்தல் ஆகாது. ஆனால் ஒரு சட்டத்தரணியின் உழைப்பின் பயனைத் தக்க காரணங் காட்டாது மறுதரப்பார் பறித்துக்கொள்ளுதலும் ஆகாது என்பது அதன் முடிபு. இவ்வழக்கு நமக்கு ஒரு பாகுபாட்டைக் கற்பிக்கின்றது. காரணங் காட்டி, நேர்முகமாக மறுப்பது குற்றமன்று. இருப்பதை இல்லைபோற் காட்டும் விடையே குற்றம்.

அப்படிப்பட்ட விடைகள் பல கோலங்கொண்டு வரும். "வினா தெளிவில்லை", "வினா மிக விரிந்தது", "சுமை மிகுந்தது" என்று ஒரே ஆட்சேபத்தை எல்லா வினாவுக்கும் அச்சடித்தாற்போல் எழுதுவது ஒன்று. "இவ்வாட்சேபங்களுக்கு அமைய விடை தருகின்றோம்" என்று எழுதிவிட்டு, எதைத் தந்தார், எதை நிறுத்திக்கொண்டார் என்பது தெரியாமற் செய்வது இன்னொன்று. வினாவுக்குப் பக்கத்து வினாவுக்கு விடை தருவது வேறொன்று. அமெரிக்க விதிகள் இவற்றை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று அடைத்தன. மழுப்பலான விடையும் நிறைவற்ற விடையும் விடை தராமைக்கு ஒப்பானவை என்று 1970 ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. விடைத்தாளிற் கையெழுத்திடும் சட்டத்தரணி தக்கவாறு தேடிப் பார்த்தே கையெழுத்திட்டார் என்று கொள்ளப்படும்; அவ்வாறு செய்யாவிடின் தண்டனை உண்டு என்று 1983 ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. பத்திரங்களைத் தர மறுப்பவர், ஆட்சேபத்தின் காரணத்தைத் திட்டமாகக் கூறுவதோடு, அதன் பேரில் எதனையேனும் நிறுத்தி வைத்துள்ளாரா என்பதையும் சொல்லவேண்டும் என்று 2015 ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது.

குறைவிடை பெற்றவன் செய்யவேண்டியவற்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலிற் குறைகளை எண்ணிட்டு எழுதி மறுதரப்பாருக்கு அனுப்புதல் நல்வழக்கம். பின்னர் அவரோடு மனம்விட்டுப் பேசவோ, பேச முயலவோ வேண்டும். அவ்வாறு முயன்றதாக உறுதி கூறாது நீதிமன்றத்தின் படியேறக்கூடாது என்பதை 1993 ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயமாக்கிற்று. பேச்சு பயன்படாதபோதே விடையைக் கட்டாயப்படுத்தும் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் வென்றவர் பொதுவாகத் தம் செலவைப் பெறுவார். காரணமின்றி விண்ணப்பித்துத் தோற்றவரோ மற்றவருக்குச் செலவு கொடுக்க நேரும். நீதிமன்றக் கட்டளையையும் மீறினால் தண்டனை படிப்படியாக ஏறும். சர்ச்சைக்குரிய செய்தி நிறுவப்பட்டதாகவே கொள்ளப்படலாம். சான்று கொணரும் உரிமை பறிக்கப்படலாம். ஈற்றில் வழக்கே தள்ளப்படலாம், அன்றேல் எதிராளிக்கு எதிராகத் தீர்ப்பே வழங்கப்படலாம்.

இக்கடைசித் தண்டனை வெறும் பயமுறுத்தலன்று என்பதை 1976 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் காட்டிற்று. தேசிய ஹொக்கிச் சங்கத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்த ஒரு கழகத்தார், முக்கியமான வினாக்களுக்குப் பதினேழு மாதங்களாகச் சரிவர விடை தராது, தவணைமேல் தவணை பெற்று வந்தனர். மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் இரக்கங் காட்டி அதனை மாற்றிற்று. உயர் நீதிமன்றமோ தள்ளியதே சரி என்றது. தண்டனை தவறு செய்தவரைத் திருத்துவதற்கு மட்டுமன்று, அவ்வழியிற் செல்ல எண்ணும் ஏனையோரைத் தடுப்பதற்குமாம் என்று விளக்கங் கூறிற்று.

அதே உயர் நீதிமன்றம் 1958 இல் மற்றொரு முகத்தையும் காட்டியிருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க அரசாங்கம் கைப்பற்றிய சொத்தை மீட்க ஒரு சுவிற்சர்லாந்துக் கொம்பனி வழக்குத் தொடுத்தது. ஒரு சுவிஸ் வங்கியின் ஏடுகளைக் காட்டும்படி கட்டளை பிறந்தது. சுவிஸ் நாட்டின் வங்கி இரகசியச் சட்டமோ அவற்றைக் காட்டுதல் குற்றம் என்றது. அக்கொம்பனி பெரிதும் முயன்று சுமார் 190,000 பத்திரங்களைக் கொணர்ந்தது. எனினும் முழுவதையும் கொணர முடியவில்லை. கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. விருப்பமின்மையால் அன்றி இயலாமையால் நேர்ந்த குறைக்கு வழக்கையே தள்ளுதல் முறையன்று என்று உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கொடாதவன் வேறு, கொடுக்கமாட்டாதவன் வேறு. இவ்விருவரையும் ஒரே கோலால் அளத்தல் நீதியாகாது.

நேயர்களே, இவையெல்லாம் சட்டத்தரணிகளுக்குரிய நுணுக்கங்கள், நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் பொருட்டு இறுதியாக ஒரு வழக்கைக் கூறுகின்றேன். 1986 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில், ஆஸ்துமா நோயுள்ள ஒரு சிறு பெண் குழந்தை, தியோபிலின் என்னும் மருந்தை உட்கொண்டு வந்த வேளையில் வலிப்புக் கண்டு, மீளாத மூளைச் சேதத்துக்கு ஆளாயிற்று. பெற்றோர் மருத்துவர்மீதும், மருந்தை விற்ற பைசன்ஸ் கொம்பனிமீதும் வழக்குத் தொடுத்தனர். இம்மருந்தின் தீங்கு பற்றி மருத்துவருக்கு எழுதிய கடிதங்கள் உளவா என்று கொம்பனியிடம் வெளிப்படுத்துகை மூலம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டது. கொம்பனி கொடுத்த விடைகள் நிறைவானவை போலவே தோன்றின. மருத்துவர் 1989 இல் குழந்தையின் குடும்பத்தாரோடு சமாதானமாகிப் பணமுங் கொடுத்துவிட்டார். ஆயினும் கொம்பனிமீது அவருக்கிருந்த முறைப்பாடு முடியவில்லை.

1990 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பெயர் கூறாத ஒருவர் குழந்தையின் குடும்பத்தாருடைய சட்டத்தரணிகளுக்கு ஒரு கடிதத்தின் பிரதியைத் தபாலில் அனுப்பினார். அது 1981 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அக்கொம்பனி மருத்துவர் சிலருக்கு எழுதியது. இம்மருந்தை உட்கொள்ளும் குழந்தைகளுக்கு வைரசுத் தொற்று நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தான நச்சுத்தன்மை உண்டாகலாம் என்று அது எச்சரித்தது. குழந்தை பாதிக்கப்படுவதற்கு நாலரை ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட எச்சரிக்கை! அக்குழந்தைக்கு வைத்தியஞ் செய்தவருக்கு அக்கடிதம் அனுப்பப்படவில்லை. கடிதம் வெளிவந்த அடுத்த மாதமே கொம்பனி குடும்பத்தாரோடு 69 இலட்சம் டொலருக்குச் சமாதானமாயிற்று.

இத்தனை ஆண்டுகள் அக்கடிதம் ஏன் வெளிவரவில்லை? கொம்பனியின் வாதம் விசித்திரமானது. கேட்கப்பட்ட மருந்தின் பெயர் தாங்கிய கோப்புகளை மட்டுமே தாம் தேடியதாகவும், அக்கடிதமோ தம்முடைய வேறொரு மருந்தின் கோப்பில் இருந்ததாகவும் அது கூறிற்று. சான்சரிக் காலத்தில், "அந்நாளில் நூறு பவுண் பெறவில்லை" என்றவனின் விடைக்கும் இதற்கும் வேற்றுமை மிகக் குறைவே. விசாரணை நீதிமன்றம் தண்டிக்க மறுத்தது. வழக்குலகில் இவ்வாறு விடை தருவது வழமையே என்று அறிஞர் சிலர் சாட்சியும் கூறினர். ஆனால் 1993 இல் வாஷிங்டன் மாநில உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வினாவின் வரம்பு பிழையென்று கருதினால் நீதிமன்றத்திடம் பாதுகாப்புக் கட்டளை கேட்டிருக்கலாம். தாமாகவே வரம்பைக் குறுக்கிக்கொண்டு, நிறைவான விடைபோற் காட்டுதல் விதியின் நோக்கத்துக்கே மாறானது. தண்டனை விதித்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தண்டத்தொகை பின்னர் 325,000 டொலர் என முடிவாயிற்று.

பெயர் கூறாத அம்மனிதர் அக்கடிதத்தைத் தபாலில் இடாதிருந்தால் என்னாகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் ஒருவரே பழி சுமந்திருப்பார். பேச்சிழந்த வழக்காக அக்குழந்தையின் வழக்கு முடிந்திருக்கும். நீதி, பெயரறியாத ஒருவரின் மனச்சாட்சியை நம்பி இருத்தல் ஆகாது என்பதற்காகவே இத்தனை விதிகளும் தோன்றின.

இக்காலத்தில் பத்திரம் என்பது தாளோடு நின்றுவிடவில்லை. கணினியிலுள்ள கடிதங்களும் பதிவுகளும் கோடிக்கணக்காகப் பெருகிவிட்டன. 2006 இல் அமெரிக்க விதிகள் அவற்றையும் வெளிப்படையாகத் தம்முள் அடக்கின. இங்கிலாந்திலோ, வுல்வ் பிரபுவின் சிபார்சுப்படி 1999 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆந் திகதி நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், குவானோ வழக்கின் பரந்த எல்லையைச் சுருக்கின. ஆயினும் தான் சார்ந்து நிற்கும் பத்திரத்தோடு, தனக்குப் பாதகமான பத்திரத்தையும் ஒருவன் தேடி வெளிப்படுத்தல் வேண்டும் என்ற கடமையை அவை கைவிடவில்லை. எல்லையைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம்; எல்லைக்குள் ஒளிவு கூடாது என்பதில் வேறுபாடு இல்லை.

வழக்காடுவோர் இதிலிருந்து கொள்ளத்தக்க பயன்கள் சில உள. வினாவைத் திட்டமாகக் கேட்கவேண்டும். வினாவின் தளர்ச்சியே மழுப்பலுக்கு இடந்தருகின்றது. வந்த விடையை வினாவோடு ஒப்பிட்டு வரிவரியாகப் படிக்கவேண்டும். குறை கண்டால் சினந்து எழாமல், அதனை எண்ணிட்டு எழுதிக் கேட்கவேண்டும். காலங் கடத்தலாகாது, தவணை கொடுத்துக்கொண்டே போனால் உண்மை முதுமையடைந்து இறந்துவிடும். விடை தரும் தரப்பாரும், இன்று மறைக்கும் ஒரு தாள் நாளை வேறொருவர் கையிலிருந்து வெளிவரக்கூடும் என்பதை மறத்தலாகாது. அவ்வாறு வெளிவரும்போது, அத்தாளில் எழுதியிருப்பதைக் காட்டிலும் அதனை மறைத்த செயலே நீதிபதியின் மனத்தில் அவருக்கு எதிராகப் பெரிதும் நிற்கும்.